ஏப்ரல் 14: நெருப்புக்குள் இறங்கியவர்களுக்காக ஒரு நிமிடம்

 

இரண்டு கோடைகளுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் ஒரு கூரை வீட்டின் அடுப்படி தீப்பிடித்துக்கொண்டது. யாரோ 101-க்குப் போன் செய்தார்கள். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் தெருமுனையோடு நின்றுவிட்டது. காரணம் நாம்தான். தொழுகைக்கு வந்தவர்கள் இரு பக்கமும் நிறுத்தியிருந்த பைக்குகள். வீரர்கள் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நாம் பைக்குகளைத் தள்ளி வழி செய்வதற்குள் அடுப்படி போய், பக்கத்து வீட்டுக் கூரையும் பாதி போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை.

தீ அணைந்த பிறகு ஒரு வீரர் திண்ணையில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகரம் கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவுதான். அவர் பெயரை நம்மில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இது இன்றுவரை என் மனதை உறுத்துகிறது.

கடந்த மாதம் தீயணைப்பு நிலையத்திலிருந்து நம் டிரஸ்டுக்கு ஓர் அழைப்பு வந்தது. ஏப்ரல் 14 காலை நீத்தார் நினைவு நிகழ்ச்சி, ஜமாஅத் சார்பில் சிலர் வந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். நிர்வாகக் குழுவில் பேசியபோது மூன்று கேள்விகள் எழுந்தன. அது என்ன நாள்? அரசாங்கம் எந்த முறையில் அதை நடத்துகிறது? நாம் போய் நிற்கலாமா? இந்த மூன்றுக்கும் தெரிந்தவரை விளக்கம் சொல்வதற்கே இந்தக் கட்டுரை.

ஏப்ரல் 14-ல் என்ன நடந்தது?

ஏப்ரல் 14 என்றால் நமக்கு அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள் நினைவுக்கு வரும். பெரும்பாலான ஆண்டுகளில் சித்திரை முதல் நாளும் அன்றுதான். விடுமுறை நாள். அந்தக் கொண்டாட்டங்களுக்கு நடுவே மூன்றாவது ஒரு செய்தி மறைந்துபோகிறது.

1944. இரண்டாம் உலகப் போர்க் காலம். இங்கிலாந்திலிருந்து கராச்சி வழியாக வந்த 'போர்ட் ஸ்டிகைன்' என்ற சரக்குக் கப்பல் பம்பாய் விக்டோரியா துறையில் நின்றிருந்தது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருட்கள் இருந்தன. கராச்சியில் பஞ்சுப் பொதிகளையும் ஏற்றியிருந்தார்கள். பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் வைப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 14 பிற்பகலில் கப்பலின் அடித்தளத்தில் புகை தெரிந்தது. தீயணைப்புப் படையினர் வந்து மணிக்கணக்கில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். தீ அடங்கவில்லை. மாலை நான்கு மணியைத் தாண்டிய சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. அரை மணி நேரம் கழித்து இரண்டாவது வெடிப்பு. துறைமுகமும் அதை ஒட்டிய குடியிருப்புகளும் எரிந்தன. இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில். அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள்.

அந்த 66 பேரும் விபத்து நடந்த இடத்தில் தற்செயலாக நின்றவர்கள் அல்லர். மற்றவர்கள் விலகி ஓட வேண்டிய இடத்தை நோக்கி, அழைப்பு வந்ததால் போனவர்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 நாடு முழுவதும் தீயணைப்போர் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் தமிழகத்தில் இதைத் 'தீத்தொண்டு நாள்' என்கிறோம். அன்று தொடங்கி 20-ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம். முதல் நாள் நிலையங்களில் நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைத்து மௌன அஞ்சலி செலுத்துவார்கள். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடைவீதிகளில் தீத்தடுப்பு ஒத்திகை நடத்துவார்கள், துண்டறிக்கை கொடுப்பார்கள்.

பம்பாயோடு முடிந்த கதை அல்ல

எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய பம்பாய்ச் சம்பவம் நமக்கு எதற்கு என்று ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை.

2012 ஜனவரி 16, பொங்கல் விடுமுறை. சென்னை சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் உள்ள கலசமஹாலில் தீப்பிடித்தது. அது ஆற்காடு நவாப்பின் அரண்மனையில் ஒரு பகுதி. உள்ளே போய்த் தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது கட்டடப் பகுதி இடிந்து விழுந்து வீரர் ஒருவர் உயிரிழந்தார். முன்னின்று பணியாற்றிய பெண் அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயம் அடைந்தார். பின்னர் அவருக்கு வீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் வழங்கப்பட்டது. அந்த மாளிகை இன்று சீரமைக்கப்பட்டு நிமிர்ந்து நிற்கிறது. நவாப் காலத்துக் கட்டடம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்போது, அதைக் காக்கப் போய் உயிர்விட்டவரையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

2017 ஜூலை 15 இரவு. சென்னை கொடுங்கையூரில் பூட்டியிருந்த ஒரு பேக்கரியில் தீ. அணைக்கும் பணியின்போது உள்ளே இருந்த கேஸ் சிலிண்டர் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். வேடிக்கை பார்க்க அருகில் நின்றிருந்தவர்கள் பலர் தீக்காயம் அடைந்தார்கள். அவர்களிலும் சிலர் சிகிச்சை பலனின்றி இறந்தார்கள்.

2020 நவம்பர் 14, தீபாவளி அதிகாலை. மதுரை தெற்கு மாசி வீதிப் பகுதியில் பழைய கட்டடம் ஒன்றில் இயங்கிய ஜவுளிக் கடையில் தீ. சுவர் இடிந்து விழுந்து இரண்டு வீரர்கள் இறந்தார்கள். ஊரே புத்தாடை உடுத்திய காலையில் அந்த இரு வீடுகளுக்கு என்ன செய்தி போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் மாவட்டத்திலும் இவர்களின் வேலை தீயோடு நிற்பதில்லை. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதும், பாம்பைப் பிடிப்பதும், சாலையில் நசுங்கிய வண்டிக்குள் சிக்கியவரை வெட்டி எடுப்பதும் இவர்கள்தான். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலையில் போய்வரும் எந்தக் குடும்பத்துக்கும் இது தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை பெருகி ஊர்களுக்குள் புகுந்தது. அப்போது இடுப்பளவு தண்ணீரில் கயிறு கட்டி முதியவர்களையும் குழந்தைகளையும் வெளியே கொண்டுவந்த மீட்புக் குழுக்களில் இந்தத் துறையினரும் இருந்தார்கள். அதனால்தான் துறையின் பெயரே 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை'.

சட்டமன்றத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இப்படி ஒரு பொது அஞ்சலிக்கு யார் அனுமதி தர வேண்டும்?

அமெரிக்காவில் நடைமுறை வித்தியாசமானது. அங்கே நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுற்றியுள்ள வளாகத்தில் ஒரு பொது நிகழ்ச்சி நடத்த வேண்டுமானால், பொதுவாக இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றி அனுமதி தர வேண்டும். இது சட்டம் அல்ல, ஜனாதிபதியின் கையெழுத்தும் தேவையில்லை. ஆனால் அந்த இடம் மக்கள் அனைவருக்கும் சொந்தம். ஆகவே மக்களின் பிரதிநிதிகள் சம்மதித்தால்தான் அங்கே நாற்காலி போட முடியும் என்பது கருத்து. பணியில் இறந்தவர்களுக்கான அஞ்சலிகள் இந்த வழியில் நடக்கின்றன. தீயணைப்பு வீரர்களுக்காக மேரிலாந்து மாநிலம் எமிட்ஸ்பர்க்கில் உள்ள நினைவிடத்தை 1990-ல் சட்டம் இயற்றித் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அடுத்த மாதமே, ஆண்டுதோறும் நினைவு நாளில் தேசியக் கொடியை அரைக் கம்பத்தில் பறக்கவிட வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது.

நம் நாட்டில் ஏப்ரல் 14 நிகழ்ச்சி அரசின் நிர்வாக முடிவால் நடக்கிறது. நிலையத்துக்குள் நடக்கும் அஞ்சலிக்குச் சட்டமன்றத் தீர்மானம் தேவைப்படுவதில்லை. ஆனால் சட்டமன்றத்துக்கு இதில் வேலையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

அரசியல் சாசனத்தின் 12-ஆவது அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. தமிழகத்தில் இதை மாநில அரசின் துறையே நடத்துகிறது. அந்தத் துறைக்கு அதிகாரம் தருவது 1985-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம். அது நம் சட்டமன்றம் இயற்றியது. தீப்பிடித்த இடத்தில் பூட்டை உடைக்கவும், தெருவை மூடவும், இடைஞ்சலாக நிற்பவரை அப்புறப்படுத்தவும், அருகில் கிடைக்கும் தண்ணீரை எடுக்கவும் பொறுப்பு அலுவலருக்கு அதிகாரம் உண்டு. "என் வீட்டுச் சுவரில் ஏற உனக்கு யார் உத்தரவு கொடுத்தது?" என்று அந்த நேரத்தில் வாதாடுவதற்கு இடமில்லை.

பணமும் அங்கிருந்துதான் வருகிறது. ஆண்டுதோறும் பட்ஜெட்டுக்குப் பிறகு மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். தீயணைப்புத் துறைக்கான கோரிக்கையும் அதில் வரும். புதிய நிலையங்கள், வண்டிகள், பாதுகாப்பு உடை, மூச்சுக் கருவி, காலியிடங்களை நிரப்புவது எல்லாம் பேரவை ஒப்புதல் தரும் தொகையைப் பொறுத்தவை. கொள்கை விளக்கக் குறிப்பு என்ற புத்தகத்தை அப்போது உறுப்பினர்களுக்குக் கொடுப்பார்கள். பொதுமக்களும் படிக்கலாம். மத்திய அரசும் மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை நவீனப்படுத்த 5,000 கோடி ரூபாய் திட்டம் ஒன்றை 2023-ல் அறிவித்தது.

ஒரு வீரர் பணியில் இறந்தால் குடும்பத்துக்கு நிவாரணத் தொகையை அரசு அறிவிக்கிறது. பதக்கங்களும் உண்டு. குடியரசு நாள், சுதந்திர நாள்களில் குடியரசுத் தலைவர் பதக்கம், அண்ணா பிறந்த நாளையொட்டி அண்ணா பதக்கம். இவை எல்லாம் தேவை. ஆனால் இறந்த பிறகு கொடுக்கும் மலர்வளையத்தை விட, இறக்காமல் காக்கும் தலைக்கவசமும் மூச்சுக் கருவியும் முக்கியம். நம் தொகுதி எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கப் போகும்போது சாலை, சாக்கடை, கபரஸ்தான் சுற்றுச்சுவர் என்று பட்டியல் வைத்திருப்போம். இனிமேல் அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கலாம்: எங்கள் நிலையத்தில் ஆட்கள் போதுமா, குறுகிய தெருவுக்குள் நுழையும் சிறிய வண்டி இருக்கிறதா என்று. அஞ்சலிக்கு உயிர் கொடுப்பது அந்த ஒரு வரிதான்.

நாம் போய் நிற்கலாமா?

மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் நம் ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மலர்வளையம், மௌனம் போன்ற விவரங்களில் சந்தேகம் உள்ளவர்கள் ஹஜ்ரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மத்ரஸாவில் ஓதியபோது என் உஸ்தாத் சொல்லித் தந்த சிலவற்றை மட்டும் நினைவூட்டுகிறேன்.

ஒரு யூதரின் ஜனாஸா கடந்து போனபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதராயிற்றே என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் ஆன்மா அல்லவா என்று கேட்டார்கள். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்ற பொருளில் வரும் ஹதீஸ் நாம் எல்லோரும் அறிந்தது. தீயில் இறந்தவரையும், நீரில் மூழ்கி இறந்தவரையும், இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும் ஷஹீதுகளின் வரிசையில் வைத்துச் சொல்லும் ஹதீஸும் உண்டு. அந்த மரணங்கள் எவ்வளவு கொடியவை என்பதை நம் மார்க்கம் அறிந்தே வைத்திருக்கிறது.

இன்னொன்று. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு உள்ளே இருந்தவர்களோடு எரிந்துபோனது. செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், நெருப்பு உங்களுக்குப் பகை, தூங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். துக்கம் விசாரித்ததோடு நிற்காமல், அடுத்த வீடு எரியாமல் இருக்க வழியும் சொன்னார்கள். நினைவு நாளை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் தெரியவில்லை.

2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததும், 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகியதும் நமக்கு மறக்காது. இரண்டு இடங்களிலும் தீயை விடவும் வெளியேற வழி இல்லாததுதான் கொன்றது.

நம் பங்குக்கு

நிர்வாகக் குழு ஒருமனதாக எடுத்த முடிவுகள் இவை.

1. ஏப்ரல் 14 காலை ஜமாஅத் சார்பில் நிலையத்துக்குப் போகிறோம். மத்ரஸாவின் மூத்த மாணவர்களையும் அழைத்துப் போகிறோம். வர விரும்புவோர் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

2. ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் தெருவின் ஒரு பக்கம் முழுவதும் வண்டி நிறுத்தக் கூடாது. சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறோம். இரண்டு தன்னார்வலர்கள் நிற்பார்கள். தயவுசெய்து அவர்களிடம் சண்டை போடாதீர்கள். தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் சாலையில் வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கவோ, ஆறு மாதம் வரை சிறையில் வைக்கவோ மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

3. நம் பள்ளிவாசல் ஹவ்ளிலும் மேல்நிலைத் தொட்டியிலும் எப்போதும் தண்ணீர் இருக்கும். அவசரத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாம் என்று நிலைய அலுவலருக்கு எழுத்தில் தெரிவிக்கிறோம். பின்வாசல் சாவி முஅத்தினிடம் இருக்கும்.

4. மத்ரஸாவிலும் கல்யாண மண்டபத்திலும் ஆள் இருக்கும்போது எந்தக் கதவுக்கும் வெளிப்பூட்டு போடுவதில்லை. விருந்துக்குப் பிரியாணி தேக்சா ஏற்றும் இடத்தைப் பந்தலிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

5. தீத்தொண்டு வாரத்தில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு பெண்களுக்கெனத் தனியாக ஒத்திகை நடத்தித் தரக் கேட்டிருக்கிறோம். சிலிண்டர் கசிந்தால் என்ன செய்வது, கொதிக்கும் எண்ணெய் பற்றிக்கொண்டால் ஏன் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை நேரில் செய்து காட்டுவார்கள்.

வீடுகளில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. 101 அல்லது 112 எண்ணை அடுப்படிச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். போனில் தெருப் பெயரையும் அருகில் உள்ள அடையாளத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவர் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழி காட்டுங்கள். மற்றவர்கள் விலகி நில்லுங்கள். செல்போனில் படம் எடுக்க முன்னே போகும் பிள்ளைகளை இழுத்து வையுங்கள். கொடுங்கையூரை மறக்க வேண்டாம். தீவிபத்தில் வீடோ கடையோ போனால், காப்பீட்டுக்குத் தீயணைப்புத் துறையின் சான்றும், அரசு நிவாரணத்துக்கு வி.ஏ.ஓ., தாசில்தார் அறிக்கையும் தேவைப்படும். மனு எழுத டிரஸ்ட் அலுவலகத்தில் உதவி கிடைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த வீரர் இப்போது எந்த ஊர் நிலையத்தில் இருக்கிறாரோ தெரியாது. ஏப்ரல் 14 அன்று நிலையத்துக்கு வருபவர்கள் அங்கே இருக்கும் ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேளுங்கள். எந்த ஊர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேளுங்கள். இறந்தவர்களுக்கு ஒரு நிமிடம் நிற்பதோடு, உயிரோடு இருப்பவர்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். மீண்டும் நம் தெருவுக்கு அவர்கள் வரவேண்டிய நாள் வராமல் அல்லாஹ் காக்கட்டும். வந்தால், அவர்கள் வீடு திரும்பும் வகையில் வழிவிடும் மக்களாக நம்மை ஆக்கட்டும். ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்